இருநூற்றுப் பதினான்காம் துளை

மீரான் அந்தத் துளையைத் தவறாகப் போட்டது, தவறே செய்ய மாட்டேன் என்று வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்து முடித்த அடுத்த நிமிடத்தில்.

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகும் சாலையில் இருக்கும் அந்தத் தொழிலகத்தில் விமானத்தின் இறக்கையை மட்டும் கட்டுகிறார்கள். உடம்பு வேறு ஊர், வால் வேறு ஊர், இறக்கை நம்மூர். இரண்டு பேர் உட்கார்ந்து ஓட்டப் பழகும் சின்னப் பயிற்சி விமானம்தான். இருந்தாலும் இறக்கை இறக்கைதான், அது இல்லாமல் பறந்தவர் யாரும் இல்லை.

அங்கே வேலை காலை எட்டு மணிக்குத் தொடங்கிவிடும். இயக்குநர் டாக்டர் அழகுராஜா பத்து மணிக்கு வருவார். ஆகவே உறுதிமொழி பத்து பத்துக்கு. ஒலிபெருக்கி கரகரத்ததும் யார் என்ன செய்துகொண்டிருந்தாலும் அப்படியே நிறுத்தி, வலது கையை நீட்டி, இயக்குநரின் பதிவு செய்த குரலோடு சேர்ந்து சொல்ல வேண்டும்: "என் கையால் பிழை நேராது. நேர்ந்தால் அது என் கை அல்ல." கழிவறையில் இருப்பவர்கள் கதவுக்கு மேலே கை தெரியும்படி நீட்ட வேண்டும் என்று தனியாக ஒரு சுற்றறிக்கையும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை மீரான் இருபத்தேழாம் எண் விமானத்தின் இடது இறக்கையில் நின்றிருந்தார். இறக்கையின் அடித்தகட்டை, உள்ளே நீளமாக ஓடி மொத்தப் பாரத்தையும் தாங்கும் ஸ்பார் என்ற சட்டத்தோடு சேர்த்து ரிவெட் ஆணி அடிக்க வேண்டும். அதற்கு முன்னால் துளை போட வேண்டும். இருநூற்றுப் பதின்மூன்று துளைகள் முடிந்து, இருநூற்றுப் பதினான்காவது பாதியில் இருந்தது. வலது கையில் ட்ரில், இடது கை வழிகாட்டித் தகட்டை அழுத்திப் பிடித்திருந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. ட்ரில்லை இடது கைக்கு மாற்றினார், தகட்டை விட்டார், வலது கையை நீட்டினார். என் கையால் பிழை நேராது என்று மனதாரச் சொன்னார். தகட்டைத் திரும்ப வைத்து ட்ரில்லை அழுத்தினார்.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார். வட்டமாக இருக்க வேண்டிய துளை எட்டு என்ற எண் போல இருந்தது, ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் ஏறி உட்கார்ந்த மாதிரி.

"அல்லாவே" என்றார் மீரான்.

இது உலகத்தில் நடக்காத விஷயம் ஒன்றும் இல்லை. துளை போடுகிறவர் கை என்றைக்காவது தவறத்தான் செய்யும். மீரானே ஒன்பது வருடத்தில் பதினொரு முறை தவறியிருக்கிறார். அதற்கு ஒரு நடைமுறை இருந்தது. ட்ரில்லைக் கீழே வைத்துவிட்டு, ஒரு சிவப்புச் சீட்டில் என்ன தவறு, எந்த இடம், கண்டவர் யார் என்று எழுதி அந்த இடத்திலேயே கம்பியால் கட்டிவிட வேண்டும். சீட்டு கட்டிய இறக்கையை யாரும் நகர்த்த முடியாது. வடிவமைப்புப் பிரிவினர் வந்து பார்த்து, பெரிய ரிவெட் போடு என்றோ மேலே ஒட்டுத் தகடு வை என்றோ வரைந்து கொடுப்பார்கள். இரண்டு நாள் வேலை. யாரும் யாரையும் திட்டியதில்லை.

மீரான் சீட்டு வாங்க ஸ்டோருக்குப் போனார். ஸ்டோரில் சிவப்புச் சீட்டு இல்லை. அப்போதுதான் அவருக்கு ஒரு வருடத்துக்கு முன்னால் நடந்த விழா ஞாபகம் வந்தது.

அந்த விழாவில் இயக்குநர் இப்படிப் பேசியிருந்தார்: "நண்பர்களே! நான் இங்க வந்தப்ப மாசம் நாப்பது பிழை. நான் தூங்கல. ஒவ்வொரு பிழையையும் ஆராய்ஞ்சேன். எல்லாப் பிழைக்கும் பக்கத்துல ஒரு சிவப்புச் சீட்டு இருக்கறதக் கண்டுபிடிச்சேன். சீட்டு இல்லாத எடத்துல ஒரு பிழைகூட இல்ல! சீட்டை எடுத்தேன். பிழை போச்சு." அன்றைக்கு எல்லாச் சீட்டுகளையும் அரைத்துக் கூழாக்கினார்கள். எழுதப்படாத ஒரே ஒரு சீட்டை மட்டும் வரவேற்புக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மாலை போட்டு, "கடைசிச் சீட்டு" என்று எழுதி வைத்தார்கள். பெட்டிக்கு மேலே பெரிய பலகை, அதில் இன்றைய கணக்கு: பிழையற்ற நாட்கள் 362. வெள்ளிக்கிழமை முந்நூற்று அறுபத்தைந்து ஆகும். விழாவுக்குப் பந்தல்கால் நட்டாயிற்று.

மீரான் ஆய்வாளர் சகாயராணியைத் தேடிப் போனார். தரம் பார்த்து முத்திரை குத்துகிற பொறுப்பு சகாயராணிக்கு. பஞ்சம்பட்டிக்காரர், கண் தப்பாது என்று பெயர் வாங்கியவர். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணே, எட்டுல்ல போட்டு வச்சிருக்கீங்க."

"அதத்தானம்மா சொல்ல வந்தேன். நீங்க எழுதிக்கிருங்க."

சகாயராணி பதிவேட்டைத் திறந்து காட்டினார். இடது இறக்கை, எண் இருபத்தேழு, துளைகள் ஒன்று முதல் நானூற்றுப் பன்னிரண்டு வரை, அனைத்தும் நன்று. கீழே அவருடைய முத்திரை. தேதி போன வியாழக்கிழமை.

"போன வியாழக்கெழம நான் ஸ்பாரையே மாட்டலையேம்மா."

"விழா வருதுன்னு முன்கூட்டியே குத்தச் சொன்னாங்கண்ணே. எழுத்துப்படி பாத்தா, நீங்க இந்தத் துளைய போன வாரமே நல்லாப் போட்டுட்டீங்க." அவர் பதிவேட்டை மூடினார். "இப்ப நான் தப்புன்னு எழுதுனா, அன்னைக்கு எதப் பாத்துக் குத்துனேன்னு கேப்பாங்க. எனக்கு ரெண்டு புள்ளைக இருக்குண்ணே."

மீரானுக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அதனால் அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. மாடியேறி வடிவமைப்புப் பிரிவுக்குப் போனார்.

வடிவமைப்புத் தலைவர் ராயப்பராஜ் படித்தவர், நல்லவர், பயந்தவர். மீரான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணினித் திரையில் இறக்கையைத் திருப்பி, இருநூற்றுப் பதினான்காம் துளையைப் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாருங்க மீரான். வட்டமா இருக்கு."

"சார், இது படம். நான் சொல்றது கீழ இருக்கற எறக்கைய."

"எங்க பொறுப்பு படம் வரைக்கும்தான். படத்துல பிழை இல்ல. உலோகத்துல ஏதாச்சும்னா கொள்முதல் பிரிவுல கேக்கணும்."

"சார், பறக்கறப்ப எறக்க மேல வளையும். அப்ப அடித்தகட்டத்தான் இழுக்கும். அதுலயும் உடம்போட சேர்ற எடத்துலதான் இழுப்பு அம்புட்டும் வந்து நிக்கும், இந்தத் துளையும் அங்கதான் இருக்கு. நீங்கதான் கிளாஸ் எடுத்தீங்க. எட்டுல ரெண்டு வட்டமும் சேர்ற எடம் கூரா இருக்கு. விரிசல் அங்கனதான் பிடிக்கும்னு நீங்கதான் சொன்னீங்க."

ராயப்பராஜ் ஒரு துண்டுத் தாளை எடுத்து மளமளவென்று கணக்குப் போட்டார். கடைசியில் வந்த எண்ணுக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். அதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எம்புட்டு சார் வருது?"

"நான் கணக்கே போடல" என்றார் ராயப்பராஜ்.

விஷயம் எப்படியோ இயக்குநர் காதுக்குப் போனது. புதன்கிழமை மாலை அதிகாரிகள் குழு கூடியது. மீரானை ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். இயக்குநர் அவரைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகைக்கு மீரான் கும்பிடு போட்டார், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இந்தத் தொழிலகத்துல பிழை நடக்காது" என்று தொடங்கினார் இயக்குநர். "அது முடிஞ்ச விஷயம். அப்படின்னா நடந்தது என்ன? அதைக் கண்டுபிடிக்கத்தான் கூடியிருக்கோம். ராயப்பராஜ், வட்டத்தை விட எட்டுல உலோகம் கூடவா போகுது, கொறச்சலாவா?"

"கூடப் போகுது சார்."

"அப்ப எறக்கையோட எடை?"

"குறையும் சார். ஆனா அரை கிராம்கூட..."

"குறையுமா குறையாதா?"

"குறையும் சார்."

இயக்குநர் மேஜையில் தட்டினார். "விமானத் துறையில உலகம் பூரா எதுக்குப் பாடுபடறாங்க? எடையைக் குறைக்க! கோடி கோடியாக் கொட்டி ஆராய்ச்சி பண்றாங்க. நம்ம மீரான், பத்தாம் கிளாஸ் படிச்ச மீரான், ஒரு ட்ரில்லை வச்சுச் செஞ்சு காட்டியிருக்கார். இது பிழையா? நான் கேக்கறேன், இது பிழையா?"

குழு இல்லை என்றது. ராயப்பராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அவரும் இல்லை என்றார்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் வரைபடம் திருத்தப்பட்டது. இனிக் கட்டும் எல்லா இடது இறக்கைகளிலும் இருநூற்றுப் பதினான்காம் துளை எட்டு வடிவத்தில் இருக்க வேண்டும். அப்படிப் போடத் தெரிந்தவர் தொழிலகத்தில் ஒருவர்தான் என்பதால், மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மீரான் நியமிக்கப்பட்டார். விழாவில் சால்வை. மீரான் ஆணையை இரண்டு முறை வாசித்தார். தவறு செய்ததற்குத் தண்டனை வரும் என்று அவர் தயாராக இருந்தார். இதற்கு அவர் தயாராக இல்லை.

பேகம்பூரில் வீட்டுக்கு வந்து மனைவி நஸீராவிடம் சொன்னார். நஸீரா கறிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"சொல்ல வேண்டியவங்ககிட்டல்லாம் சொல்லிட்டீங்கள்ல? பெறகு என்ன? சால்வைய வாங்கிக்கிட்டு வாங்க."

"அது பறக்கும் நஸீரா."

"பறந்தா நல்லதுதான?"

"கொஞ்ச நாளைக்குப் பறக்கும்" என்றார் மீரான். நஸீரா வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை விழா. பலகையில் 365 என்று ஜிகினாவில் எழுதியிருந்தார்கள். இருபத்தேழாம் எண் இடது இறக்கையை மேடைக்குப் பக்கத்தில் நிறுத்தி, மல்லிகைச் சரம் சுற்றியிருந்தார்கள். சீரகச் சம்பா பிரியாணியின் வாசம் பந்தல் முழுக்க இருந்தது. முதல் வரிசையில் கேப்டன் சபிஹா உட்கார்ந்திருந்தார். புதிய விமானத்தை முதன்முதலில் மேலே கொண்டுபோய்ச் சோதித்துப் பார்க்கும் விமானி. முப்பது வயதிருக்கும்.

மீரானுக்குச் சால்வை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். மீரான் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இது கண்டுபிடிப்பு இல்ல. என் தப்பு. உறுதிமொழிக்குக் கையத் தூக்குனேன், தகடு நகந்துருச்சு. இந்த எறக்கையப் பறக்க விடாதீங்க."

இயக்குநர் கைதட்டத் தொடங்கினார். பந்தல் முழுக்கத் தட்டியது.

"பாத்தீங்களா அடக்கத்தை!" என்றார் இயக்குநர். "பெரிய காரியம் செஞ்சுட்டு என் தப்புங்கறார். இந்த மண்ணோட பண்பு இது!"

"சார், நெசமாத்தான் தப்பு" என்றார் மீரான். கைதட்டல் கூடியது. மூன்றாம் தடவை அவர் சொல்ல வாயெடுத்தபோது பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது. அழுகையாக வந்தது மீரானுக்கு. ஆனந்தக் கண்ணீர் என்று ஒருவர் படம் எடுத்தார்.

எல்லோரும் பிரியாணிப் பந்தலுக்கு நகர்ந்தபோது கேப்டன் சபிஹா மட்டும் இறக்கையிடம் வந்தார். மல்லிகைச் சரத்தை ஒதுக்கி, குனிந்து, விரல் நுனியால் அந்தத் துளையைத் தடவிப் பார்த்தார்.

"அண்ணே, மேடையில சொன்னது உண்மையா?"

"உண்மை மேடம்."

"அப்ப சிவப்புச் சீட்டு எங்க?"

"இப்ப சீட்டு கெடையாது மேடம். பெட்டிக்குள்ள வச்சுட்டாங்க."

அவர் நிமிர்ந்தார். "அடுத்த மாசம் இதை நான்தான் ஓட்டணும். என் கைக்கு வர்ற காகிதம் எல்லாம் சுத்தமா இருந்தா நான் ஏறித்தான் ஆகணும். ஒருத்தர் வாயால சொன்னார்னு நான் மாட்டேன்னு சொன்னா, எனக்குப் பதிலா இன்னொருத்தர் ஏறுவார். சீட்டு கட்டியிருந்தா யாருமே ஏற முடியாது." மேலே ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் இரண்டு அதிகாரிகள் வந்து, தனியாக இலை போட்டிருக்கிறது மேடம் என்று அழைத்துப் போய்விட்டார்கள்.

மீரான் சால்வையைக் கழற்றி மடித்து வைத்தார். ட்ரில்லை எடுத்துக்கொண்டு வரவேற்புக் கூடத்துக்குப் போனார். காவலரும் பிரியாணிக்குப் போயிருந்தார். கண்ணாடிப் பெட்டியின் பூட்டு நம்மூர்த் திண்டுக்கல் பூட்டு, அதைத் தொட்டுப் பயனில்லை என்று மீரானுக்குத் தெரியும். சட்டத்தின் நான்கு மூலையிலும் அலுமினிய ரிவெட் இருந்தது. நான்கையும் குடைந்து எடுத்தார். கண்ணாடியில் ஒரு கீறல் விழவில்லை. கடைசிச் சீட்டை எடுத்து, இறக்கை இருபத்தேழு, துளை இருநூற்றுப் பதினான்கு, எட்டு வடிவம், கண்டவர் மீரான் என்று எழுதி, இறக்கையில் கம்பியால் கட்டி, முறுக்கினார். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடப் போனார். பிரியாணி தீர்ந்துபோய், தொட்டுக்கொள்ளும் தால்ச்சா மட்டும் இருந்தது.

திங்கட்கிழமை குற்றக் குறிப்பாணை வந்தது. பிழையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. தொழிலகத்தின் பாரம்பரியக் காட்சிப் பொருளைத் திருடியது, அதைத் தகாத இடத்தில் கட்டியது என்று இரண்டு குற்றம். "பெட்டியில் மேற்படி நபர் குடைந்த நான்கு துளைகளும் மிகத் துல்லியமாக இருந்ததால், இது திட்டமிட்ட செயல் என்று தெரியவருகிறது" என்று இருந்தது. மீரான் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

ஆனால் ஒரு சிக்கல் வந்துவிட்டது. விதிப்படி, திருட்டுப் பொருளும் அது இருக்கும் இடமும் விசாரணை முடியும்வரை அசையக் கூடாது. சீட்டு இறக்கையில் கட்டியிருக்கிறது. ஆகவே இறக்கையும் அசையக் கூடாது. மல்லிகைச் சரத்தோடு அப்படியே சுற்றிலும் கயிறு கட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். அந்தத் தொழிலகத்தில் ஒரு நாற்காலி காணாமல் போனதற்கான விசாரணை ஏழாவது வருடமாக நடந்துகொண்டிருந்தது. மீரானுக்கு அதை நினைத்தபோது முதன்முறையாகக் கொஞ்சம் தூக்கம் வந்தது. பலகையில் நாட்கள் ஏறிக்கொண்டே இருந்தன. திருட்டு பிழைக் கணக்கில் வராது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு சகாயராணி பேகம்பூருக்கு வந்தார். நஸீரா கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இருபத்தெட்டாம் நம்பர் தயாராயிருச்சுண்ணே. திருத்துன வரைபடப்படி."

"எட்டா?"

"எட்டுத்தான். அழகா, அளவெடுத்து எட்டு. பழக்கதோசத்துல ஒருத்தன் வட்டமாப் போடப் போனான், அவனுக்கு மெமோ. இருபத்தொம்பதாம் நம்பர நாளைக்கு ஆரம்பிக்கிறாங்க." கைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்தார். "ராயப்பராஜ் சார் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

மீரான் பிரித்துப் பார்த்தார். நெருக்கமான கணக்கு. கடைசியில் இரண்டு கோட்டுக்கு மேலே: இறக்கை தாங்குவது முந்நூற்றுப் பத்து மணி நேரம். பயிற்சி விமானம் ஒரு வருடத்திலேயே அதற்கு மேல் பறந்துவிடும்.

"கையெழுத்து இல்லையே?"

"சார் கணக்கு மட்டும்தான் போடுவாராம்."

மீரானுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் ஒரு கை தவறியதை நூறு கைகள் பார்த்துப் பார்த்துச் செய்துகொண்டிருக்கின்றன. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்குக் காலைல இருபத்தெட்டுக்கு முத்திர குத்தணும்" என்றார் சகாயராணி. "ஒரு சீட்டு இருந்தாத் தேவலண்ணே."

"பெட்டிக்குள்ள இருந்தது அது ஒண்ணுதானம்மா."

"சீட்டுன்னா செவப்பு அட்டதான? அச்சடிச்சிருக்கணும்னு விதியில இல்ல. நான் பாத்துட்டேன்."

பக்கத்தில் நின்ற நஸீரா உள்ளே போனார். யாரோ உறவுக்காரர் வீட்டு நிக்காஹ் பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தார். நல்ல கெட்டியான சிவப்பு அட்டை. கத்தரிக்கோலால் பொன்னெழுத்துகளை ஒதுக்கி, வெற்றுச் சிவப்பை மட்டும் அளவாக வெட்டினார். மீரான் அதன் முனையில் ஒரு துளை போட்டுக் கம்பி கோத்தார். இறக்கை இருபத்தெட்டு, துளை இருநூற்றுப் பதினான்கு, எட்டு வடிவம் என்று எழுதினார். கண்டவர் என்ற இடம் வந்ததும் பேனா நின்றது.

"என் பேரையே போட்டுர்றேன்மா. ஏற்கெனவே நான் வெளியதான இருக்கேன். உங்களுக்குப் புள்ளைக இருக்கு."

"வெளிய இருக்கறவரு எப்படிண்ணே பாத்திருக்க முடியும்?" என்று சகாயராணி பேனாவை வாங்கிக்கொண்டார்.

தன் பெயரை முழுதாக எழுதினார். அடுத்தது தேதி. சுவரில் இருந்த காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். சீட்டை நாளைக்குத்தான் கட்டப் போகிறோம் என்பதை நினைத்து, தேதி இடத்தை மட்டும் வெறுமையாக விட்டார்.

"தேதிய இந்த மொற அங்க போயி, கண்ணால இன்னொரு தடவ பாத்துட்டுத்தாண்ணே போடுவேன்" என்றார்.